பெரிய பெயர், மேடையில் சிறிய ஒலி: பேஸ் கிட்டார் கருவிகள் பற்றி டெல்டா இசைக்குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரங்களில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேஸ் வாசிப்பதும் மற்றவர்களின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். கேட்கிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரை இரவெல்லாம் கண்விழித்துச் சேர்த்த கச்சேரிப் பணத்தை ஒரே பொருளில் போடப் போகிறவர்கள். பெரிய பெயர் என்பதற்காகவே ஒரு பொருளை வாங்க வேண்டாம் என்று அவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அந்தப் பணம் வீணாகிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன்.

உலகமே புகழும் பொருளை வேண்டாம் என்கிறீர்களே, அவ்வளவு மோசமா அது?

பெரும்பாலும் நல்ல பொருள்தான். ஆனால் எந்தப் புகழும் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு கையால் சம்பாதிக்கப்பட்டது. அந்த இடத்தையும் கையையும் விட்டுவிட்டுப் பொருளை மட்டும் வாங்கி வந்தால் பாதிதான் வீடு வந்து சேரும்.

ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக அவர் வாசித்த பேஸ் வரிகளைக் கேட்டு வளராத பேஸ் கலைஞர் உலகில் அரிது. அவரிடம் இருந்தது ஒரு 1962 ஃபெண்டர் பிரிசிஷன். அதில் தடித்த, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள் (தட்டையான நாடா சுற்றியவை). அவற்றை அவர் மாற்றுவதே அபூர்வம். பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஃபோம். ஒலி நேராக ஒலிப்பதிவு மேசைக்குப் போனது. இன்று அந்த ஒலியைத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் ப்ரீஆம்ப்களும் (ஆம்புக்கு முன்பே ஒலியைப் பெருக்கித் திருத்தும் சுற்றுகள்) பெடல்களும் (காலால் இயக்கும் ஒலிப் பெட்டிகள்) ஏராளம். அவர் வழியில் அவை எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே ஒரு பொருளைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை எந்த ஸ்பீக்கர் வழியாக, எத்தனை பேர் கொண்ட குழுவுக்கு நடுவில் கேட்கப் போகிறீர்கள்?

வீட்டில் இடிபோல முழங்கிய ஒலி பந்தலில் எங்கே போகிறது?

இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். பத்துக்குப் பத்து அறையில் வாசிக்கும்போது சுவர்களும் மூலைகளும் அந்த அலையைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பெருக்கிக் கொடுக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் போட்ட மேடைக்கு எந்தப் பக்கமும் சுவர் கிடையாது. மேலே துணிப்பந்தல், நாலாபுறமும் வெளி. கீழ்ஒலி பரந்து கரைந்துவிடுகிறது.

அடுத்தது நம் காது. மெல்லிய ஒலியளவில் மனிதக் காதுக்குக் கீழ்ஒலி சரியாகக் கேட்காது. வீட்டில் சன்னமாக வைத்து வாசிக்கிறவர் அந்தக் குறையை ஈடுசெய்ய பேஸ் குமிழை ஏற்றுவார், இடைஒலியைக் குறைப்பார், மேலே கொஞ்சம் டிரெபிள் சேர்ப்பார். தனியாகக் கேட்டால் அது பளிங்குபோல இருக்கும். காணொளிகளில் பொருளை விளம்பரப்படுத்துகிறவர்களும் இதே ஒலியில்தான் வாசித்துக் காட்டுகிறார்கள். குழுவுக்குள் வந்தால் நிலைமை வேறு. ரிதம் பேடின் பேஸ் டிரம் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. கீபோர்டுக்காரரின் இடது கை அதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. தவிலும் சேர்ந்த கச்சேரி என்றால் தொப்பியின் முழக்கம் வேறு. பேஸுக்கு என்று மிஞ்சுவது ஏறக்குறைய 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதி. அதைத்தானே வீட்டிலேயே குறைத்துவிட்டு வந்தோம்?

திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் கச்சேரிக்கு முன்னால் நடந்த ஒலிச் சோதனையைச் சொல்கிறேன். தம்பி ஒருவர் புதிய ப்ரீஆம்ப் பெடலோடு வந்திருந்தார். மேடைக்கு எதிரே, மிக்ஸர் இருந்த இடத்தில் நின்று கேட்டபோது அவர் விரல் அசைவது தெரிந்தது; சுரம் தெரியவில்லை. ஒரு 'பொம்' மட்டும் நெஞ்சில் முட்டியது. மிக்ஸரில் இருந்தவர் பேஸின் கீழ்ஒலிக் குமிழை 12 மணி நிலைக்கும் கீழே இறக்கினார், இடைஒலியை 500 ஹெர்ட்ஸ் அருகில் நிறுத்திக் கால்வாசி ஏற்றினார். மேடையில் இருந்த தம்பிக்கு முகம் சுருங்கியது. தகரம்போல இருக்கிறது என்றார். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த மறுநொடி, மொத்தக் குழுவிலும் தெளிவாகக் கேட்டது அவருடைய பேஸ்தான். எண்பதுகளின் பாட்டு ஒன்றில் பல்லவிக்கு எதிராக ஓடும் அந்த வரி, கடைசி வரிசையில் இருந்த தேநீர்க் கடை வரை சுரம் சுரமாகப் போனது.

திருவிழாத் தெருக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றிலிருந்து பெரிதாக எதுவும் வராது. தெருமுனையில் நிற்கிற ரசிகர் உங்கள் பேஸைக் கேட்கிறார் என்றால் அது முழுக்க முழுக்க இடைஒலிதான்.

சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. எல்லார் காலடியிலும் இருக்கிறதே, வாங்கலாமா?

டி.ஐ. என்பது கிட்டாரின் ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி. டெக் 21 நிறுவனத்தின் இந்தப் பெட்டி உலக மேடைகளில் நிலைபெற்றுவிட்ட ஒன்று. வால்வு ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்து தரும் ஒலியை ஒரு கையடக்கப் பெட்டியில் தருவது பெரிய சாதனை. ஆனால் அதன் முதல் வடிவத்தில் பேஸ் குமிழ் உண்டு, டிரெபிள் குமிழ் உண்டு, இடைஒலிக்குக் குமிழ் கிடையாது. அதன் சுற்றோ இயல்பிலேயே இடைஒலியைக் குழிவாக்கும் தன்மை உடையது. மேலே சொன்ன பந்தல் கதையை நினைத்துப் பாருங்கள், ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பின்னால் வந்த இரண்டாம் வடிவத்தில் இடைஒலிக் குமிழைச் சேர்த்துவிட்டார்கள். வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

பழையது கையில் இருந்தால் விற்க வேண்டாம். பிளெண்ட் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். கிட்டாரின் நேரடி ஒலி அதில் கலந்துகொண்டே இருக்கட்டும். பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் விடுங்கள். ஒலியை உறுமவைக்கும் டிரைவ் குமிழ் குறைவாக இருக்கட்டும். அப்போது அது நல்ல டி.ஐ. பெட்டியாக வேலை செய்யும்.

ஐந்து கம்பி பேஸ் இல்லாமல் இன்றைக்குக் கச்சேரி செய்ய முடியுமா?

முடியும். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்; அதில் நியாயமும் இருக்கிறது. நம் பாடகர்களில் ஆண்கள் பலரும் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சுருதி கேட்பவர்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி. நான்கு கம்பி பேஸ் தொடங்குவதே மூன்று கட்டையில், அதாவது ஈ-யில். ஆகவே பாட்டின் ஆதார சட்ஜத்தைக் கீழே பிடிக்க முடியாமல் ஒரு ஸ்தாயி மேலே போய் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஈ-க்கும் கீழே பி சுரத்தில் நிற்கும் ஐந்தாவது கம்பி அந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதுபோலத் தோன்றுகிறது.

தோன்றுகிறது என்று ஏன் சொல்கிறேன்? அந்தக் கீழ் சி-யின் அதிர்வெண் 33 ஹெர்ட்ஸ்கூட இல்லை. கீழ் டி 37-க்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் ஒலி அமைப்புகளில் வரும் சப் பெட்டிகள் (கீழ்ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) பலவும் 40 ஹெர்ட்ஸ் அருகிலேயே கைவிட்டுவிடும். நீங்கள் கீழ் சி-யை வாசிப்பீர்கள். மக்கள் கேட்பது அதன் மேல்ஒத்திசைகளை மட்டும்தான், அதுவும் தொளதொளத்த ஒலியாக. மலிவு விலை ஐந்து கம்பி பேஸ்களில் 34 அங்குலக் கம்பி நீளத்திலேயே பி கம்பியையும் கட்டிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் அது கெடுவதில்லை, ஆனால் கழுத்தின் இணைப்பு வலுவாக இல்லாத கருவிகளில் கம்பிக்கு இழுவிசை போதாமல் சுரம் உறுதியாக நிற்பதில்லை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. திறந்த ஈ கம்பியை மீட்டுங்கள். பிறகு பி கம்பியின் 5-ஆவது ஃபிரெட்டை (கழுத்தில் பதித்த மெட்டை) அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம். ஒலியின் குணமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தக் கருவி தேறியது. பி கம்பியில் சுரம் வெளிறிப்போய், மீட்டிய கணத்தில் சற்று ஏறி இறங்கினால் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு கட்டைப் பாட்டுகளுக்காக மட்டும் என்றால் ஹிப்ஷாட் நிறுவனத்தின் டி டியூனர்போல ஒன்றை ஈ கம்பியின் முறுக்காணியில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு நெம்புகோலைத் தட்டினால் ஈ கம்பி டி-க்கு இறங்கும், திருப்பித் தட்டினால் ஏறும். நிரந்தர ஒலி அமைப்பும் நல்ல சப் பெட்டிகளும் உள்ள தேவாலயத்தில் வாரந்தோறும் வாசிக்கிறவர்களுக்கும், ஒலிப்பதிவுக்குப் போகிறவர்களுக்கும் ஐந்து கம்பி உண்மையாகவே பயன்படும். மற்றவர்கள் மேல் சி-யை நம்பிக்கையோடு வாசியுங்கள். நம் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வானொலியில் கேட்டு மகிழ்ந்த பேஸ், பெரும்பாலும் அந்த ஸ்தாயியில் கேட்டதுதான்.

ரிக்கன்பேக்கர், ஹாஃப்னர், தண்டர்பேர்ட் – இவற்றின் அழகில் மயங்கிவிட்டேன். வாங்கலாமா?

மயங்குவதில் தவறில்லை, மூன்றும் அழகானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, பணத்தைத் தவிர.

ஹாஃப்னர் 500/1 வயலின் வடிவ பேஸை பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கினார். கம்பி நீளம் 30 அங்குலம், உடல் உள்ளீடற்றது, தோளில் இருப்பதே தெரியாத அளவுக்கு எடை குறைவு. உட்கார்ந்து வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய இனிமையான கருவி. நம் மேடைகளில் மானிட்டர் பெட்டி (வாசிப்பவர் தம் ஒலியைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) முழங்காலுக்கு எதிரே இருக்கும். உள்ளீடற்ற உடல் அந்த ஒலியை வாங்கித் திரும்ப ஊளையிடத் தொடங்கிவிடும்.

கிப்ஸன் தண்டர்பேர்ட் 1963-இல் வந்தது. வார் மாட்டும் இடம் உடலின் பின்பக்கம், கழுத்து சேரும் பகுதியில் இருப்பதாலும் தலைப்பகுதி கனப்பதாலும் கையை விட்டதும் கழுத்து கீழே சாயும். மூன்று மணிநேரக் கச்சேரியில் இடது கை சுரத்தையும் பிடிக்க வேண்டும், கழுத்தையும் தாங்க வேண்டும். மணிக்கட்டு வலியோடு என்னிடம் வந்தவர்களில் இதே வடிவக் கருவி வைத்திருப்போர் உண்டு. சொரசொரப்பான அகலத் தோல்வார் ஓரளவு உதவும்.

ரிக்கன்பேக்கரின் உறுமலுக்குப் பேர்போனவர் யெஸ் என்ற ராக் குழுவின் கிறிஸ் ஸ்கொயர். அந்த உறுமலில் அவருடைய பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை), புதுக் கம்பிகள், ஆம்பை அவர் முறுக்கிய விதம் எல்லாம் கலந்திருக்கின்றன. விரலால் வாசிக்கும் நம்மவர்களுக்குப் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பகுதி) மேலுள்ள உலோக மூடி வலது கைக்கு இடைஞ்சலாக வந்து நிற்கும். விலைக்கு இரண்டு நல்ல பேஸ்கள் வாங்கிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் உயர்ந்ததா?

உயர்வு தாழ்வு இல்லை, வேறு வகை. மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-இல் வந்தபின் கருவிக்குள்ளேயே ப்ரீஆம்ப் வைப்பது பரவலானது. நீளமான கேபிளிலும் ஒலி மங்காது. கிட்டாரிலேயே கீழ்ஒலியையும் மேல்ஒலியையும் கூட்டலாம். கூட்டலாம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீழ்ஒலிக் குமிழை முழுக்க ஏற்றினால் மிக்ஸரின் உள்ளீடு முட்டும், ஸ்பீக்கர் திணறும், கேட்பவருக்குச் சுரம் தெரியாது.

கேபிளைச் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒத்திகை முடிந்து இரவெல்லாம் செருகியபடி வைத்துவிட்டு மறுநாள் கச்சேரிக்கு எடுத்துப் போகிறார்கள். நடுவில் ஒலி கரகரத்து மங்கும். கிராமத்தில் இரவு 11 மணிக்கு மேல் பென்சில் பேட்டரி கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? பேட்டரி இல்லாமலும் வாசிக்கப் பாஸிவ் சுவிட்ச் உள்ள கருவியாகப் பார்த்து எடுங்கள்.

எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்? 8 ஸ்பீக்கர் கொண்ட பெரிய ஆம்பெக் பெட்டி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

வாட் கணக்கு ஆளை மயக்கும். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. ஒலி இருமடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. ஸ்பீக்கரின் திறனும் எண்ணிக்கையும் வாட்டைவிட முக்கியம். 10, 15 வாட் பயிற்சி ஆம்ப்கள் வீட்டுக்கு மட்டும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்துத் திணறடித்து ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து வந்தவற்றை நிறையவே பார்க்கிறேன்.

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வு ஆம்ப், மைதானங்களுக்காகப் பிறந்தது. ஆம்ப் மட்டும் 35 கிலோவுக்கு மேல், எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவுக்கு மேல். வரப்பைத் தாண்டி மேடைக்குத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஜெனரேட்டரின் ஏறி இறங்கும் வோல்டேஜில் வால்வுகளுக்கு ஆயுள் குறையும். ஒலி அமைப்பாளர் மிக்ஸர் வழியாகத்தான் மக்களுக்கு அனுப்பப் போகிறார் என்கிறபோது இது தேவையில்லாத பாரம்.

எனக்கு மட்டும் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் ஏன்? இரைச்சலை நிறுத்தும் பெடல் வாங்கியும் போகவில்லையே.

இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். இதில் ஒலி மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3-ஆவது ஃபிரெட்டில் இருக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் உள்ள மேடையில் அந்தச் சுரத்தை நீளமாக நிறுத்திப் பாருங்கள்; விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருத்து இளைப்பது காதுக்குத் தெரியும். திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ்; மின் இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100. அங்கே விநாடிக்கு இரண்டு முறை. ஐந்து கட்டையில் பாடும் பாட்டில் ஆதார சுரமே இப்படி ஆடிக்கொண்டிருந்தால் பாடகர் எப்படி நிம்மதியாகப் பாடுவார்?

ஒரு காரணம் கருவியில் இருக்கலாம். 1960-இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ் உலகப் புகழ் பெற்றது. அதில் இருப்பவை இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள். இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் இரண்டையும் சம அளவில் வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்த மாத்திரத்தில் இரைச்சல் தலைகாட்டும். பிரிசிஷன் பேஸ் 1957 முதல் இரண்டாகப் பிளந்த பிக்கப்போடு வருகிறது. அது தானாகவே இரைச்சலை அடக்கும். குழல்விளக்கும் சீரியல் பல்புகளும் நிறைந்த நம் பந்தல்களுக்குப் பிரிசிஷன் வகையே நிம்மதி என்பது என் முடிவு.

இரைச்சல் நிறுத்தும் பெடல், நீங்கள் வாசிக்காதபோது கதவை மூடும், வாசித்தால் திறக்கும். சுரத்தோடு இரைச்சலும் சேர்ந்தே வரும். போதாததற்கு நீண்ட சுரங்களின் வாலையும் வெட்டிவிடும். காசுக்குப் பலன் இல்லை.

பெரிய காரணம் எர்த். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த் மண்ணுக்குப் போகவில்லை என்றால் கம்பிகளிலேயே கசிவு மின்சாரம் நிற்கும். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் உடல் வழியாக மின்சாரம் பாயும். மழை பெய்து நனைந்த மேடையில் இது ஆபத்து. இரைச்சல் குறைகிறது என்று பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருபோதும் செய்யாதீர்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வாசிக்கும் முன் டெஸ்டரைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள், விழாக் குழுவினர் அவசரப்படுத்தினாலும் சரி. எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் மிஞ்சினால், டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், ஆம்பின் எர்த்தைத் தொடாது.

பேஸுக்கு ஓவர்டிரைவ், கோரஸ், கம்பிரஸர் பெடல்கள்?

பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஓ.டி.பி.-3 எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதன் மேல்ஒலி என் காதுக்குத் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கிறது. டிரெபிளையும் கெயினையும் நன்றாக இறக்கி, பேலன்ஸ் குமிழால் நேரடி ஒலியைக் கலந்தால்தான் குழுவுக்குள் நிற்கும். மெல்லிசைக் கச்சேரியில் அதற்கு வேலை மிகக் குறைவு. கோரஸ் சுரத்தின் மையத்தைக் கலைக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்பிரஸரைப் பெரும்பாலும் மிக்ஸரில் இருப்பவர் போட்டுவிடுவார். இரண்டு முறை போட்டால் உங்கள் விரலின் அழுத்தமெல்லாம் தட்டையாகிவிடும்.

கம்பி: வேளாங்கண்ணியில் மாதம் ஒரு செட் மாற்ற வேண்டியிருக்கிறது. கோட்டிங் போட்ட கம்பி தீர்வாகுமா?

ஓரளவுக்கு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் என்று கடலோரத்தில் உப்புக்காற்று நிக்கல் கம்பியைச் சீக்கிரம் மங்கவைக்கிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் தினமும் வாசிக்கும் குழுக்களின் கம்பிகளில் வியர்வையும் உப்பும் சேர்ந்து படிந்துவிடும். எலிக்ஸர்போன்ற மேற்பூச்சுக் கம்பிகள் அதைத் தாங்கும். ஆனால் அழுத்தி மீட்டும் கைக்காரர்களிடம் பூச்சு நூல்நூலாக உரியும், விலையும் அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும், பதிலுக்கு ஃபிரெட்டைத் தேய்க்கும்.

நான் சொல்வது ஃபிளாட்வவுண்ட். சுருள்களுக்கு இடையே அழுக்கு தேங்கப் பள்ளம் இல்லை, ஃபிரெட்டும் தேயாது, வருடக்கணக்கில் ஓடும், பழைய திரைப்பாடல்களுக்கு ஒலியும் அச்சாகப் பொருந்தும். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் பாணிக்கு மட்டும் அது உதவாது. எந்தக் கம்பியானாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அடியிலும் மேலும் துடையுங்கள்.

கனமான பித்தளை பிரிட்ஜ், கிளிப் டியூனர், வயர்லெஸ்?

கனமான பிரிட்ஜால் சுரம் நீளும் என்கிறார்கள். கச்சேரியில் அந்த வித்தியாசத்தை என்னால் கேட்க முடிந்ததில்லை. கிட்டாரின் எடை கூடுவது தோளுக்குத் தெரிகிறது. கிளிப் டியூனர் பலவும் ஈ கம்பியைப் பிடிக்கத் தடுமாறும், அதிலும் பக்கத்தில் டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கேபிள் வழியாகக் கேட்கும் பெடல் டியூனர் வாங்குங்கள். 12-ஆவது ஃபிரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் டியூனருக்குப் பிடிப்பது எளிது. விலை குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ், ஒத்திகையில் ஒழுங்காக ஓடும். ஆயிரம் கைபேசிகள் கூடிய கூட்டத்தில் ஒலி விட்டுவிட்டு வரலாம். பேஸ் வாசிப்பவர் மேடையில் ஓடப்போவதில்லை. 6 மீட்டர் கேபிள் போதும்.

அப்படியானால் பணத்தை எதில்தான் போடுவது?

முதலில் செட்டப், அதாவது கழுத்தின் வளைவையும் கம்பிகளையும் சரிசெய்வது. தஞ்சாவூரில் வீணை வாங்குகிறவர்கள் மெழுகில் பதித்த 24 மெட்டுகளையும் கைதேர்ந்தவரிடம் கொடுத்து அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வார்கள். வெயிலில் மெழுகு இளகினால் சுரம் போய்விடும் என்று தெரியும். பேஸுக்கும் அந்தக் கவனிப்பு தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தை வாங்குகிறது; சித்திரை வெயிலில் விடுகிறது. கழுத்து வளைந்து நிமிர்கிறது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு 7-ஆவது ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் கழுத்து அதிகம் வளைந்திருக்கிறது. கார்டே நுழையவில்லை என்றால் கம்பி ஃபிரெட்டில் படபடக்கும். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பி, கம்பியைச் சுருதி சேர்த்து, மறுநாள் மறுபடி பாருங்கள். என்னிடம் வரும் 'ஒலி சரியில்லாத' பேஸ்களில் பெரும்பாலானவை செட்டப் முடிந்ததுமே பிழைத்துவிடுகின்றன.

அடுத்து நல்ல கம்பி. அதற்கடுத்து சொந்தமாக ஒரு டி.ஐ. பெட்டி. பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. ஏற்றது, அது பிக்கப்பின் மேல் சுமை ஏற்றாது, மேல்ஒலி மங்காது. ஆக்டிவ் பேஸுக்குப் பாஸிவ் டி.ஐ. போதும். பெட்டியிலிருந்து மிக்ஸர் வரை 50 மீட்டர் கேபிள் போனாலும் ஒலி கெடாது. பெடல், ஆம்ப் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே ஒரு பெரிய பெயரை வாங்கிவிட்டேன், திருப்தி இல்லை. விற்றுவிடலாமா?

உடனே வேண்டாம். செட்டப் செய்யுங்கள், கம்பியை மாற்றுங்கள். கிட்டாரிலும் பெடலிலும் ஆம்பிலும் எல்லா ஒலிக் குமிழ்களையும் நடுவில் நிறுத்துங்கள். அடுத்த ஒத்திகையில் முழுக் குழுவும் வாசிக்கும்போது, நம்பிக்கையான ஒருவரை மிக்ஸருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் கேளுங்கள்; நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். கேட்கவில்லை என்றால் முதலில் கீழ்ஒலியைக் குறையுங்கள், பிறகு இடைஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தி வாசித்துப் பாருங்கள். இடைஒலி தானாகக் கூடும்.

இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று கச்சேரிகளிலும் பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் விற்றுவிடுங்கள். பெரிய பெயர்களுக்குப் பழைய விலை நன்றாகவே கிடைக்கும். வாங்க வருகிறவர் எந்த மாதிரி மேடையில் வாசிக்கிறவர் என்று விசாரித்து, உங்களுக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.